ரிவைண்ட் அக்காவின் கண் சுற்று

எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு படம் டிஸ்க்காக வெளியே போக வேண்டுமென்றால் அது ரிவைண்ட் அக்காவைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலாளி தலைகீழாக நின்றாலும் சரி, கடைக்காரர்கள் போன் மேல் போன் போட்டாலும் சரி, அக்கா தன் அறையிலிருந்து தலையை நீட்டி "சரியா இருக்கு" என்று சொல்லாதவரை அது அச்சுக்குப் போகாது. அந்த இரண்டு வார்த்தையை வாங்குவதற்குள் எங்களுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

நாங்கள் வெளியிடுவது மூன்று வகைப் படங்கள். விஞ்ஞானக் கற்பனை, அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன், மஷினிமா. முதல் இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவது, வீடியோ கேமுக்குள்ளேயே எடுக்கிற படம். நடிகர் கிடையாது, லைட் கிடையாது, ஷூட்டிங்குக்கு ஒருவரும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. விளையாட்டில் வருகிற உருவங்களைக் கையிலிருக்கும் கன்ட்ரோலரால் நடக்கவைத்து, உட்காரவைத்து, தலையைத் திருப்பவைத்து, திரையில் ஓடுவதை அப்படியே பதிவு செய்து, மேலே குரல் கொடுத்தால் படம். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாக இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் இந்தக் காலத்தில் யார் டிஸ்க்கில் வாங்குகிறார்கள் என்று என் மைத்துனன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பான். வாங்குகிறார்கள். நெட்டில் இன்றைக்கு இருக்கிற படம் நாளைக்கும் இருக்கும் என்று நம்பாதவர்கள் வாங்குகிறார்கள். அவர்களுடைய சந்தேகம் நியாயமானது. என் மைத்துனன்தான் எல்லாவற்றையும் நம்பிக் கெட்டவன்.

நான் அங்கே எழுதுகிறவன். எழுத்தாளன் என்று நினைத்துவிடாதீர்கள். மாதாமாதம் "புதிதாக வந்தவை" என்று ஓர் அறிவிப்பு எழுத வேண்டும், டிஸ்க் பெட்டியின் பின்பக்கத்துக்கு நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். "அண்டமே அதிரும் இறுதிப் போர்" என்று ஒரு தடவை எழுதியிருந்தேன். அக்கா அதை வாசித்துவிட்டு என் மேசைக்கே வந்தார்.

"எழுத்தாளரே, அண்டம் அதிர்ற இடம் எங்க வருது?"

"கடைசியில வருமேக்கா."

"நான் முழுசாப் பாத்தேனே. ஒண்ணும் அதிரல. ரெண்டு கப்பல் மோதுது, ஒண்ணு உடையுது. அவ்வளவுதான்."

முகத்தில் சிரிப்பின் சுவடே இருக்காது. ஆனால் திரும்பி நடக்கும்போது தோள் லேசாகக் குலுங்கும். அதை வைத்துத்தான் அது கிண்டல் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அச்சுக்கு முன்னால், டிஸ்க் தயாரிக்கிறவர்கள் மாதிரிக்காக ஒரே ஒரு டிஸ்க் எழுதி அனுப்புவார்கள். அதை செக் டிஸ்க் என்போம். அக்காவின் வேலை அதைப் பார்ப்பது. பார்ப்பது என்றால் நீங்களும் நானும் காலை நீட்டிக்கொண்டு பார்ப்பது அல்ல. அக்கா ஒரு படத்தை நாலு சுற்று பார்ப்பார். முதலில் காது சுற்று. டிவியை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு படம் முழுவதையும் கேட்பார். காது சுற்றில் பெரிய குறை இருந்தால் டிஸ்க் அங்கேயே திரும்பிப் போய்விடும், மேலே பார்க்கவே மாட்டார். அது தேறினால் கண் சுற்று. சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டு வெறும் படம். அப்புறம் சப்டைட்டிலுக்கு எழுத்துச் சுற்று. கடைசியில் மெனுவிலிருக்கிற ஒவ்வொரு பொத்தானையும் கன்னாபின்னாவென்று அமுக்கிப் பார்ப்பதற்குக் குரங்குச் சுற்று. இந்தப் பெயர்களெல்லாம் அவரே வைத்தவை.

ஏன் இப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

"சேத்துப் பாத்தா கதைக்குள்ள போயிடுவோம் தம்பி. கதைக்குள்ள போயிட்டா குறை தெரியாது."

அவர் கதைக்குள் போனதே இல்லை. திரையில் ஒரு ராட்சத ரோபோ ஊரையே மிதித்துத் துவம்சம் செய்துகொண்டிருக்கும். அக்கா அதன் காலடியில் ஓடுகிற சப்டைட்டிலில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதாநாயகி காதலனைப் பிரிந்து கேவிக் கேவி அழுவாள். அக்கா, அந்த அழுகை உதட்டுக்கு அரை நொடி பிந்தி வருகிறது என்று முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் தள்ளிப் பார்ப்பார். ரிவைண்ட் அக்கா என்ற பெயர் அப்படி வந்தது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங்கில் இருந்தார். சட்டைகள் மலையாக வந்து குவியும். பிசிறு, தையல் விட்டது, பொத்தான் கோணியது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ள வேண்டும். அங்கே நின்று நின்று கால் வீங்கிப் போனபோது, தெரிந்தவர் ஒருவர் மூலமாக உட்கார்ந்து பார்க்கிற இந்த வேலை கிடைத்தது. கணவர் வெகுகாலத்துக்கு முன்பே வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். அவரைப் பற்றி அக்கா பேச மாட்டார். ஒரே பையன். அவனைத் தன் சம்பளத்தில், தன் கையில், யாருடைய தயவும் இல்லாமல் வளர்த்தார்.

குறை பார்ப்பது அவர் பிழைப்பு. வீட்டுக்குப் போனாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை. பையன் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல் கேமுக்குள் படம் எடுக்கிறேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவுக்கு அது அடிவயிற்றில் எரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் கொட்டித் தீர்ப்பார்.

"கதவைச் சாத்திட்டு அந்தப் பொம்மைங்களோட பேசிட்டே இருக்கான். நாளைக்கு நான் இல்லன்னா அந்தப் பொம்மையா வந்து இவனுக்குச் சோறு போடும்?"

"அக்கா, நம்ம கம்பெனியே அந்தப் பொம்மைப் படத்தைத்தானே விக்குது" என்பேன்.

"விக்கிறது வேற. நம்ம வீட்ல இருக்கிறது வேற."

அவன் எடுத்ததை அவர் பார்த்ததே இல்லை. பார்க்கிறியாம்மா என்று அவன் கேட்டிருக்கிறான். பகல் முழுக்க இதைப் பார்த்துக் கண் எரிகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். இதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. மிட்டாய்க் கடைக்காரர் வீட்டில் போய் மிட்டாய் தின்கிறாரா என்ன.

கடைசியில் அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அவன் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அக்கா எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். சில மாதம் ஒழுங்காகப் போய்வந்தான். மழைக்காலத்தில் ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில், திருப்பத்தில் ஒரு வேன் அவன் பைக்கை அடித்துத் தூக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மழையும் வேனும் செய்த வேலை அது. அதைப் பெற்றவளிடம் சொல்லிப் பாருங்கள்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினார். முன்பைவிடக் கறாராகிவிட்டார். யாரும் கவனிக்காத குறைகளையெல்லாம் கண்டுபிடித்தார். சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு உட்காருவதை நிறுத்திவிட்டுத் தன் அறையிலேயே டப்பாவைத் திறந்துகொண்டார். சின்ன அறை அது. ஜன்னல் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு டிவி, விலை உயர்ந்த பிளேயர் ஒன்று, வீணாய்ப்போன மலிவு பிளேயர் ஒன்று. வாங்குகிறவர்களிடம் இரண்டாவதுதான் இருக்கும் என்பதால் அதில்தான் முதலில் ஓட்டுவார். அந்த அறைக்குள் அவர் என்ன செய்தார், வேலைதான் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. கதவைத் தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் நாங்கள் உள்ளே போவோம்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அப்போது முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. இளைஞர்கள் எடுத்த மஷினிமா குறும்படங்களைச் சேர்த்து ஒரே டிஸ்க்காக வெளியிடலாம் என்றார். வந்து குவிந்த படங்களில் ஒன்றை அனுப்பியவன் அக்கா பையனின் கூட்டாளி. தலைமுடியை வைத்து அவனை எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய படம். பாதி எடிட்டிங்கில் அக்கா பையன் இறந்துவிட, மிச்சத்தைச் சுருட்டை ஒருவனாக முடித்திருந்தான்.

கதை இதுதான். எல்லோரும் கைவிட்டுவிட்டுப் போன ஒரு கிரகத்தில் ஒரு நிலையம். அங்கே காவலுக்கு ஒருவன் மட்டும் மிஞ்சியிருக்கிறான். தினமும் ரேடியோவில் பூமியைக் கூப்பிடுகிறான். பதில் வருவதில்லை. படம் முழுக்க அவன் ஹெல்மெட்டும் கவச உடையுமாகத்தான் இருப்பான். முகமே தெரியாது. அது கலை ஒன்றும் இல்லை, வாயசைவு பொருத்துகிற தொல்லையிலிருந்து தப்பிக்கிற வழி. மஷினிமா எடுக்கிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்வார்கள்.

அந்த டிஸ்க்கை வேறு யாரிடமாவது கொடுத்துப் பார்க்கச் சொல்லலாமா என்று முதலாளி தயங்கித் தயங்கி அக்காவிடம் கேட்டார்.

"வேற யாரு பாப்பாங்க? நீங்க பாப்பீங்களா? நீங்க பாதியில தூங்கிடுவீங்க சார்."

முதலாளி அசட்டுச் சிரிப்போடு தன் அறைக்குத் திரும்பினார். உண்மைதானே.

செக் டிஸ்க் வந்த அன்று முற்பகல் அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். நான் என் மேசையில் அந்த மாத அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதினேன் என்பது பேச்சுக்கு. காது முழுக்க அந்தக் கதவின் மேல்தான் இருந்தது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்கா வாசலில் நின்று என்னை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தம்பி, காது சுற்றுல ஒரு குறை இருக்கு. நீயும் ஒருதரம் கேளு."

டிவி அணைந்திருந்தது. ஹெட்போனை என்னிடம் நீட்டினார். மாட்டிக்கொண்டேன்.

ஒரு வாலிபக் குரல். கொஞ்சம் மூக்கடைத்த குரல், பயிற்சி இல்லாத குரல். "நிலையம் பேசுகிறது. யாராவது கேட்கிறீர்களா?" பின்னால் மின்விசிறி கடகடவென்று ஓடியது. அது ஸ்டூடியோவில் பேசியது இல்லை, வீட்டு அறையில் பேசியது என்று எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிட்டது. "இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. கதவுகள் பூட்டியிருக்கின்றன" என்று அவன் சொல்லிக்கொண்டு போகும்போதே, அதன் மேலேயே, தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் ஓங்கிக் கேட்டது.

"டேய், எவ்வளவு நேரம்தான்டா அந்தப் பொம்மைகிட்ட பேசிட்டே இருப்ப? சாப்பாடு ஆறுது. உருப்படுற வழியப் பாரு. கேக்குதா இல்லியா?"

பேச்சு நின்றது. மின்விசிறி மட்டும் ஓடியது. அப்புறம், "தோ வரேம்மா, ரெண்டே நிமிஷம்" என்று அவன், படத்துக் குரலில் இல்லை, தன் குரலில் சொன்னான். கோபமே இல்லை அதில். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடியும், "நிலையம் பேசுகிறது" என்று ஆரம்பித்தான்.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால ஒரு பொம்பளை குரல் வருது" என்றார். "அதை எடுத்துடச் சொல்லணும். அது மட்டும்தான் குறை. மத்தபடி அந்தப் பையன் நல்லாத்தான் பேசியிருக்கான்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவன் இறந்த வீட்டில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

என்ன நடந்தது என்பதைச் சுருட்டை போனில் சொன்னான். முதலாளி அறையில் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்டோம்.

"சாரி ஆன்ட்டி, அது பைலட் டிராக். டப்பிங் டிராக்கையும் அதையும் சேத்து அனுப்பியிருந்தேன். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருந்தோம். டிஸ்க் எழுதினவங்க மாத்தி எடுத்துட்டாங்க. என் தப்புதான்."

"பைலட் டிராக்னா என்னப்பா?" என்றார் அக்கா. அவருக்குத் தெரியாததா? அவன் பேசட்டும் என்று கேட்டார்.

"பொம்மையை ஆட்டும்போதே அவன் டயலாக்கைப் பேசிட்டே ஆட்டுவான் ஆன்ட்டி. அப்பதான் எங்க நிக்கணும், எப்ப நடக்கணும்னு நேரம் சரியா வரும். அந்தக் குரல் அதுக்கு மட்டும்தான். அப்புறம் டப்பிங் ஆர்ட்டிஸ்ட்டை வச்சுப் பேசி அதை எடுத்துடுவோம்."

"அந்தப் பொம்பளை குரலை மட்டும் எடுக்க முடியாதா?"

சுருட்டை கொஞ்சம் தயங்கினான். யார் குரல் என்று அவனுக்கும் தெரியும். "அவன் பேச்சு மேலேயே ஏறி இருக்கு ஆன்ட்டி. அதை எடுத்தா அவன் பேசுறதும் சேந்து போயிடும். வச்சா ரெண்டையும் வைக்கணும். இல்லன்னா ரெண்டையும் எடுக்கணும்."

போனை வைத்ததும் முதலாளி எழுந்து உலாத்த ஆரம்பித்தார். அவர் எழுந்து உலாத்தினால் ஏதோ விற்பனை யோசனை வரப்போகிறது என்று அர்த்தம்.

"இப்படியே விட்டுடலாம்மா. உங்க பையன் குரல் படத்துல இருக்கும். பெட்டி மேலயே போடலாம், 'மறைந்த இயக்குநரின் சொந்தக் குரலில்'னு. ஜனங்களும் உருகிப் போயிடுவாங்க. என்னப்பா, நீ சொல்லேன்."

உருகிப் போய் வாங்குவார்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அவர் சொன்னதில் பாதியை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அதைவிட எரிச்சல். அந்தக் குரல் வெளியே போக வேண்டும் என்று எனக்கு மனதார இருந்தது. ஒரு பிள்ளை பூமியில் இருந்தான், பேசினான், அம்மா கூப்பிட்டதற்குக் கோபப்படாமல் பதில் சொன்னான் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே.

"வைக்கலாம்க்கா" என்றேன். "மின்விசிறி சத்தம் கேட்டாக் கேக்கட்டும். உங்க குரல் கேட்டாலும் என்ன? எந்த வீட்லதான் அம்மா கத்தல?"

அக்கா, யோசிச்சுச் சொல்றேன் என்று எழுந்து போய்விட்டார். அன்று மதியம் டப்பாவைத் திறக்கவில்லை. பிற்பகலில் சுருட்டைக்கு அவரே தனியாகப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோனபோது பேச்சு முடியும் நிலையில் இருந்தது. டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

"மாத்திடலாம் தம்பி. டப்பிங் குரலையே போடச் சொல்லு."

"ஏன்க்கா? ஊர் உங்க குரலைக் கேட்கும்னா?"

"அட போ. ஊரு கேட்டா கேட்டுட்டுப் போகுது. திட்டினது நான்தானே, வேற எவளோவா?" என்றார். அப்புறம் டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அவனுக்கு அவன் குரலே பிடிக்காதாம். தன் குரல் போட்டா படமே நாசமாப் போயிடும்னு அந்த டப்பிங் பையன் பின்னாடி மாசக்கணக்கா அலைஞ்சிருக்கான். இந்தக் குரல்தான் வேணும்னு கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வச்சிருக்கான். அவன் வேணாம்னு சொன்னதை நான் எப்படி வைப்பேன்? உயிரோட இருக்கிறப்பதான் அவன் சொன்ன ஒண்ணையும் கேக்கல."

நான் வாதாடவில்லை. முதலாளி மட்டும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார். குறையுள்ள செக் டிஸ்க்கை வெட்டிப் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. அன்று சாயங்காலம் அக்கா அதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் எல்லோர் கண் முன்னாலும் படியிறங்கிப் போனார். விதியைப் பற்றி ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அவர் வீட்டில் டிஸ்க் பிளேயர் இருக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை.

திருத்திய டிஸ்க் அடுத்த வாரம் வந்தது. அக்கா என்னைக் கூடவே உட்காரச் சொன்னார். இதுவரை யாரையும் அப்படி உட்காரவைத்ததில்லை. காது சுற்றில் அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்க, நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல குரல். அவன் அலைஞ்சது வீண்போகல. பிசிறே இல்ல" என்றார். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். கேட்கத்தான் முடியவில்லை. பிசிறு முழுக்க அவர் பிள்ளையாக இருந்ததே.

அடுத்தது கண் சுற்று. அந்தப் படத்தை அவர் கண்ணால் பார்ப்பது அப்போதுதான் முதல் தடவை. சத்தத்தை நிறுத்திவிட்டு டிவியைப் போட்டார். சாம்பல் நிறத் தரை. நீளமான காரிடார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கவச உடை போட்ட காவலன் மெதுவாக நடந்து வந்து ரேடியோவுக்கு முன்னால் உட்காருகிறான். அந்த நடையை, அந்த உட்காருதலை, பிள்ளை தன் விரலால் செய்தான் என்று நினைத்துப் பார்த்தபோது எனக்கு அந்தச் சிறுபிள்ளை விளையாட்டு என்கிற நினைப்பெல்லாம் போய்விட்டது. அக்கா வழக்கம்போல மூலைமூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஏதாவது புள்ளி விழுகிறதா, நிறம் மாறுகிறதா என்று. ஒருமுறை பின்னால் தள்ளி ஒரு நிழலைச் சரிபார்த்தார்.

காவலன் ரேடியோவில் பேசிக்கொண்டே இருந்தான். திடீரென்று பாதியில் அவன் தலை சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. அங்கே ஒன்றுமில்லை. வெறும் சுவர். கதைப்படி அந்தக் கிரகத்திலேயே வேறு ஆள் கிடையாது. ஆனாலும் அந்த ஹெல்மெட் அந்தச் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றது. யாராவது வருகிறார்களா என்று பார்க்கிற அளவுக்கு நின்றது. பிறகு மெள்ள ரேடியோ பக்கம் திரும்பி மறுபடியும் பேச ஆரம்பித்தது.

அக்கா படத்தை நிறுத்தினார். பின்னால் தள்ளினார். மறுபடி ஓட்டினார். மறுபடியும் தலை திரும்பியது, நின்றது, காத்திருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையில் கன்ட்ரோலரோடு பேசிக்கொண்டிருந்தவன், கூப்பிட்ட குரல் கேட்டு அறைக்கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறான். கன்ட்ரோலரிலிருந்த கட்டைவிரலும் கூடவே போக, காவலன் தலையும் திரும்பியிருக்கிறது. குரலை மாற்றியாயிற்று, மின்விசிறியை எடுத்தாயிற்று, திட்டியதையும் பதில் சொன்னதையும் துடைத்தாயிற்று. அந்தத் திரும்பல் மட்டும் படத்திலேயே தங்கிவிட்டது. அதை எந்த டப்பிங்கும் எடுக்க முடியாது.

அக்கா மறுபடி பின்னால் தள்ளினார். எத்தனை தடவை பார்த்தாரோ. அவர் கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. ஏதாவது பேசியாக வேண்டுமே என்று, அந்தச் சமயத்தில் பேசக்கூடாததைப் பேசினேன்.

"அக்கா, கதைக்கு ஒட்டாம சும்மா திரும்புது. குறைன்னு சொல்லி அனுப்பலாமா? சுருட்டைகிட்ட சொன்னா அந்த இடத்தை மட்டும் வெட்டிடுவான்."

"எதுக்கு வெட்டணும்?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கூப்பிட்டேன். திரும்பிப் பாத்திருக்கான். இதுல என்ன குறை இருக்கு?"

ஹெல்மெட் சுவரைப் பார்த்தபடி இருக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினார். அதன் கண்ணாடியில் முகம் ஏதும் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதற்கு மிக அருகில் போய் உட்கார்ந்தார்.

"நான்தான் சமையல்கட்டுல இருந்தே கத்திட்டு இருந்துட்டேன் தம்பி. கதவைத் திறந்து ஒருதரம் எட்டிப் பாத்திருந்தா, அந்த மூஞ்சியை நான் பாத்திருப்பேன்."